சின்னக் கதவின் உள்பக்கம்

அன்று காலை சிதம்பரத்தில், தேரோடும் வீதி ஒன்றின் முனையில், ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். சிக்னல் கம்பத்தில் இருக்கும் கேமராவின் கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது. துடைக்க ஆள் அனுப்பும்படி எங்கள் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன், வரவில்லை. போக்குவரத்துப் பொறியியலில் முதுகலை படித்தவன் ஏணி ஏறித் துடைத்தால் தேய்ந்துவிட மாட்டான் என்று சென்னை அலுவலகத்தில் நினைத்திருக்க வேண்டும். கைப்பேசி அடித்தது. கடலூரிலிருந்து தலைமைக் காவலர் முருகவேல்.

"சார், அஞ்சலாட்சி அம்மா பூட்டாங்க சார்."

"எப்போ?"

"விடியக்காலம். நெஞ்ச வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க. ஒங்களுக்குச் சொல்றதா வேணாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். அப்புறம், சொல்லிடுவோம்னு..."

ஏன் யோசித்தார் என்று எனக்குத் தெரியும். கீழே இறங்கி ஏணியைப் பூட்டுக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலூர் பேருந்தைப் பிடித்தேன். துணி கையிலேயே இருந்தது.

போக்குவரத்துச் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்த அஞ்சலாட்சியை இதைப் படிக்கும் உங்கள் எல்லாருக்குமே தெரியும். நீங்கள் அவருடன் வேலை செய்த காவலர்கள், திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், உறவினர்கள். முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அவருடைய மகள் பரிமளா கேட்டார். "அம்மா ஒங்கள கேமரா சார்னுதான் சொல்லும். ஒங்களப் பத்தி நெறைய பேசியிருக்கு," என்றார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத ஒப்புக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

அவரைத் திட்டக்குடிக்கு மாற்றியபோது உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. ஒரு தனியார் பேருந்துக்காரருக்கு வேண்டி சிக்னலைத் திருப்பிக்கொடுத்தார், மாட்டிக்கொண்டார் என்றார்கள். அது பொய். அந்தப் பொய் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அவருடைய சிரிப்பைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் எழுதுவார்கள். நான் இதை எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுப்பது பரிமளாவின் விருப்பம்.

அவரை முதலில் பார்த்தது ஒரு மே மாதத்தில். திருப்பாதிரிப்புலியூரில் கடைத்தெருவும் பேருந்துச் சாலையும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில், வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னலைப் பொருத்திக்கொண்டிருந்தோம். தடுப்புக் கம்பியில் கறுப்புக் குடையைக் கயிற்றால் கட்டி, அதன் கீழே நின்று, அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சீருடைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் காலணி. ஊதுகுழல் கழுத்தில் தொங்கியது. அதை அவர் ஊதி நான் கேட்டதில்லை. புறங்கையைக் காட்டினால் வண்டிகள் நின்றன.

"இது இன்னா சார் பண்ணும்?" என்று கேட்டார்.

சொன்னேன். நான்கு பக்கமும் கேமரா இருக்கும். எந்தப் பக்கம் வண்டி அதிகமோ அந்தப் பக்கத்துக்குப் பச்சை கூடுதலாகக் கிடைக்கும். பச்சை எரியும் பக்கத்தில் மூன்று நொடிக்கு வண்டி எதுவும் வராவிட்டால், வீணாக எரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

"வண்டிய எண்ணுதா, ஆள எண்ணுதா?"

"வண்டியை."

"அப்ப நடந்து போறவன் கணக்குல கெடையாது."

"அவர்களுக்குத் தனிப் பொத்தான் வைக்கலாம் மேடம். இரண்டாம் கட்டத்தில்."

"சரி சார். ரெண்டாம் கட்டம் வர்ற வரைக்கும் நடக்குறவன் நின்னுக்கிட்டு இருக்கட்டும்," என்று சொல்லி, ஒரு கை வேர்க்கடலையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் படிப்பு தெரியாமல் பேசுகிறார் என்று எரிச்சலாக இருந்தது. இரண்டாம் கட்டம் இன்றுவரை வரவில்லை.

சிக்னல் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மானம் போனது. மதியத்தில் மேற்குப் பக்கத்துக்குப் பச்சையே விழவில்லை. ஐம்பது அறுபது இருசக்கர வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. கணினியைப் பார்த்தால் மேற்கில் வண்டியே இல்லை என்றது. கேமராவைக் கழற்றினேன், மாட்டினேன், மென்பொருளைத் திரும்ப ஏற்றினேன். சென்னையில் இருந்த நிர்வாக இயக்குநர் போனில் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தபோது அஞ்சலாட்சி குடைக்குக் கீழேயிருந்தே சொன்னார்:

"சார், மேல பாக்காதீங்க. கீழ பாருங்க. எங்க நிக்கிறானுங்க?"

பார்த்தேன். நிறுத்தக் கோட்டிலிருந்து முப்பது அடி பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அத்தனை வண்டியும் அந்த நிழலில் அடைந்து நின்றது. கோட்டின் மேல் வெயில் மட்டும் இருந்தது. முன்னால் வந்த ஒருவன் கோட்டை நோக்கிப் போகப் பார்க்க, பக்கத்தில் நின்றவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மச்சான், இங்கயே நில்லுடா. அங்க போயி கருவாடாவப் போறியா? பச்ச உழுந்தா பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான்."

கேமரா கோட்டை ஒட்டிய இருபது அடியைத்தான் பார்த்தது. அதன் கணக்கில் மேற்கே எவரும் இல்லை.

"வெயில் நேரத்துல ஒருத்தனும் கோட்டுல நிக்க மாட்டான் சார். ஜாஸ்தி படிச்சவன்கூட நெழல்லதான் நிப்பான்," என்றார்.

கேமரா பார்க்கும் பகுதியை மரம் வரைக்கும் நீட்டினேன். அதோடு சரியாகிவிட்டது. அதைப் பற்றி நான் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரை ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. "களத்தில் ஓட்டுநர் நடத்தையைக் கூர்ந்து கவனித்ததில்" என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கவனித்தவர் யார் என்று எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்ட பேராசிரியரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். என் கட்டுரை அச்சாகி வந்தபோது அவர் நினைவு எனக்கு வரவே இல்லை.

அந்தக் கட்டுரையின் ஒரு படியை அஞ்சலாட்சியிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. படங்களை மட்டும் பார்த்தார். "படத்துல மரம் நல்லா உழுந்திருக்குது சார்," என்று திருப்பிக் கொடுத்தார்.

இனி அந்தச் சின்னக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்தில் பீரோ போல ஓர் இரும்புப் பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தில் பெரிய கதவு. அதற்குள் எங்கள் கணினி. பக்கவாட்டில் ஒரு புத்தக அளவுக்குச் சின்னக் கதவு. அதற்குள் ஒரு திருகு சுவிட்சும் ஒரு பொத்தானும். திருகை வேண்டிய பக்கத்துக்குத் திருப்பினால் சிக்னல் கணினியின் பிடியிலிருந்து காவலரின் கைக்கு வந்துவிடும். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்தப் பக்கம் பச்சை எரியும். அவசரத்துக்கென்று வைத்தது. நாங்கள் பெரிய கதவைத் திறப்போம், சின்னக் கதவு காவலருடையது. இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் ஒரு சாவி, சின்னக் கதவுக்கு மட்டும் அவரிடம் ஒரு சாவி.

சிக்னல் எத்தனை நேரம் தானாக ஓடியது, எத்தனை நேரம் கையால் ஓடியது என்று கணினி பதிந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் ஒழுங்காகத் தானாக ஓடியது என்று காட்டினால்தான் சிதம்பரத்து வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் என்னை வைத்திருக்கக் காரணமில்லை என்று இயக்குநர் என்னிடமே சொல்லியிருந்தார். அதற்கு முன் நான் இருந்த பொறியியல் கல்லூரி, மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று என்னை வெளியே அனுப்பியது. என்னோடு வேலைக்குச் சேர்ந்திருந்த, தாளாளரின் மைத்துனர் மகனை வைத்துக்கொண்டது. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. இன்னொரு முறை வெளியே நிற்க என்னால் ஆகாது.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், அஞ்சலாட்சி பணியில் இருந்த ஏறக்குறைய எல்லா நாளும் சிக்னல் கைக்குப் போயிருந்தது. நாலு நிமிடம், ஐந்து நிமிடம், சில நாள் இரண்டு முறை. நேராகப் போய்க் கேட்டேன்.

"மேடம், எதுக்குத் திருப்புறீங்க?"

"சாவு போவுது சார்."

கெடிலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லாரும் இந்த நாற்சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் மேளக்காரர்கள், பிறகு கொள்ளிச்சட்டியோடு மகன், பிறகு நடந்துவரும் சனம், எல்லாருக்கும் பின்னால் பூ அலங்காரத்தோடு பிணம் ஏற்றிய வண்டி. இது இந்த ஊர் வழக்கம். முன்னால் நடப்பவர்கள் நூறு பேராக இருந்தாலும் கேமராவுக்கு அவர்கள் வண்டி இல்லை. சாலை காலியாக இருக்கிறது என்று அது மூன்று நொடியில் சிவப்பைப் போட்டுவிடும்.

"மொத மாசம் ஒரு வாட்டி என்னா ஆச்சு தெரியுமா? கொள்ளிச்சட்டி அந்தப் பக்கம் போயிடுச்சி. பொணம் இந்தப் பக்கம் நிக்குது. நடுவுல பஸ்ஸு பூந்துடுச்சி. அந்தப் பையன் சட்டியக் கையில வெச்சிக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்குறான். அவன் அப்பாவ இந்தப் பக்கம் உட்டுட்டான் இல்ல? நெருப்போட திரும்பி வரக்கூடாதுன்னு பெரியவங்க கத்துறாங்க, முன்னால போகவும் முடியல. அழுதுட்டான் சார், அவ்ளோ நேரம் அழாதவன். ஒங்க மிஷினுக்கு அது தெரியாது, சரி. நான் பாத்துக்கிட்டுதான நிக்கிறேன்?"

"ஒரு சுற்றுதான் மேடம். ஒன்றரை நிமிஷத்தில் திரும்பப் பச்சை வந்துவிடும்."

"ஒங்க வூட்டு சாவுல ஒன்ற நிமிசம் நின்னு பாத்துருக்கீங்களா?"

அவர் சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் எனக்கு அது உறைத்தது, பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்தது இன்னும் உறைத்தது. எதையும் மறக்காத பழக்கம் என்னுடையது. அதையும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் அறிக்கை எழுதினேன். சிக்னல் எதிர்பார்த்த அளவு தானாக ஓடாததற்குக் கருவி காரணமல்ல, பணியில் இருந்த காவலர் தொடர்ந்து குறுக்கிட்டதே காரணம் என்று எழுதினேன். எத்தனை முறை, எந்தெந்த நேரம் என்று அட்டவணை போட்டேன். அட்டவணைக்குக் கீழே ஒரு வரி: "குறுக்கீட்டுக்கான காரணம் எங்கும் பதிவு செய்யப்படவில்லை."

கணினியில் காரணம் எழுத இடம் இல்லை. அதனால் அந்த வரி பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியும். அவர் வாயாலேயே கேட்டவன். அதை எழுதியிருந்தால், உங்கள் சிக்னல் சாவு ஊர்வலத்தை இரண்டாக வெட்டுகிறதா என்று மேலே கேட்பார்கள். சிதம்பரம் கைவிட்டுப் போகும். எழுதவில்லை.

காரணம் இல்லாமல் ஒரு போலீஸ்காரம்மா தினமும் சிக்னலைத் திருப்பினார் என்று காகிதத்தில் இருந்தால், படிக்கிறவர்கள் தாங்களாக ஒரு காரணத்தைப் போட்டுக்கொள்வார்கள். பேருந்து நேரப் போட்டி உள்ள சாலை அது. பேருந்துக்காரர் கதை அப்படித்தான் பிறந்தது. நான் எந்தப் பேருந்தையும் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மறுநாள் என்னைத் தேடி வந்தார். நான் பெரிய கதவைத் திறந்து வைத்து ஏதோ பார்ப்பதுபோல் நின்றேன். அவர் கையில் குடை மட்டும் இருந்தது, வேர்க்கடலை இல்லை.

"சார், ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. சாவுக்குத்தான் திருப்புனேன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. மிஷினு வெச்சவரு நீங்க சொன்னா நம்புவாங்க."

"பார்க்கிறேன் மேடம்."

"நான் ரிடையர் ஆவ இன்னும் ஒன்ற வருசம்தான் சார் இருக்குது. கெட்ட பேரோட போவக்கூடாது பாருங்க. புள்ளைக்குக் கல்யாணம் ஆவணும்."

"பார்க்கிறேன் மேடம்," என்று திரும்பவும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, நிர்வாகக் காரணம் என்று திட்டக்குடிக்கு மாற்றிவிட்டார்கள். விடியும் முன்பே வீட்டிலிருந்து கிளம்பி, விருத்தாசலத்தில் பேருந்து மாறிப் போய் வந்தார் என்று பிறகு முருகவேல் சொன்னார். அங்கேயே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சின்னக் கதவை எழுத்து மூலமான அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சிதம்பரம் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அதன் தொடக்க விழாவில் இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு இரண்டாவது வரிசையில்கூட நாற்காலி இல்லை, தூண் பக்கம் நின்றேன். அதைப் பற்றி நெடுநாள் புகைந்துகொண்டிருந்தேன். திட்டக்குடிப் பேருந்தில் ஒரு பெண்மணி கால் வீங்கி உட்கார்ந்திருந்ததைப் பற்றி அந்த அளவுக்கு நினைக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. பிறகு சிதம்பரத்தில் தேர் அன்று பார்த்தேன். பரிமளாவைச் சிதம்பரத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். தேர் வந்து வீதி முனையில் நின்றுவிட்டது. வடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எங்கள் கேமரா தேரைப் பெரிய வண்டி என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிற பச்சையையெல்லாம் அதற்கே கொடுத்தது. தேர் நகரவில்லை. தேருக்காக வழி மாற்றிவிட்ட வண்டிகள் பக்கத்துச் சந்தில் கழுத்தை நெரித்துக்கொண்டு நின்றன. காவலர் ஒருவர் பொறுமை இழந்து ஏணி போட்டு ஏறிக் கேமராவுக்கு மேல் கோணிப்பையைக் கட்டினார். சனம் கை தட்டியது. நான் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றேன்.

"என்னா இன்ஜினியர் சார், சாமிக்குப் பச்ச குடுக்கத் தெரியுது, சாவுக்குக் குடுக்கத் தெரியலையே ஒங்க மிஷினுக்கு?"

திரும்பினால் அஞ்சலாட்சி. சேலையில் இருந்தார். அதே கான்வாஸ் காலணி. தலை முழுக்க நரைத்திருந்தது.

"திட்டக்குடி எப்படி இருந்தது மேடம்?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்க வாய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சி சார். அங்க சிக்னலே கெடையாது. கைய நீட்டுனா நின்னாங்க," என்றார். கொஞ்ச நேரம் தேரைப் பார்த்தார். "ஒங்களுக்கு வேல நெலச்சிடுச்சா?"

"நிலைத்துவிட்டது."

"அது போதும்."

அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து வேர்க்கடலை நீட்டினார். இந்த முறை வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வரியை அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அவர் கூட்டத்துக்குள் போனார். அதுதான் கடைசி.

அவர் இறந்த அன்று ஒரு மணிக்குக் கடலூர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போகத் துணிவில்லை. அந்த நாற்சந்தியிலேயே, மரத்து நிழலில், இருசக்கர வண்டிக்காரர்களோடு நின்றேன். சாலையைப் பார்த்துக்கொண்டு முருகவேல் நடுவில் நின்றார். இரண்டரை மணிக்கு மேளச் சத்தம் கேட்டது.

அஞ்சலாட்சிக்கு மகன் இல்லை. கொள்ளிச்சட்டியைப் பரிமளாவே எடுத்து வந்தார். இரண்டொருவர் முணுமுணுத்திருப்பார்கள். பரிமளாவின் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் சனம். ஓய்வுபெற்ற காவலர்கள், கடைத்தெருக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள். எல்லாரும் நடந்து வந்தார்கள். கடைசியில் பூவண்டி.

மேளக்காரர்கள் தாண்டினார்கள். பரிமளா கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பு விழுந்தது.

குறுக்குச் சாலையிலிருந்து ஒரு பேருந்து உறுமிக்கொண்டு வந்தது. முருகவேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "யோவ், மேல பாருய்யா! பச்ச எனக்குத்தான்யா எரியுது!" அவர் சொன்னது சரி. நான் செய்துவைத்த கணக்குப்படி பச்சை அவருக்குத்தான். அதற்குப் பின்னால் இன்னொரு பேருந்து, ஒரு மணல் லாரி. சனம் இரண்டாக அறுந்தது. பரிமளா சாலையின் அந்தப் பக்கத்தில் புகையும் சட்டியோடு நின்று திரும்பிப் பார்த்தார். அவருடைய அம்மா இந்தப் பக்கம் இருந்தார்.

முருகவேலிடம் ஓடினேன். "கதவைத் திறங்க!"

"எங்களுக்கு உத்தரவு இல்ல சார். சாவியே புடுங்கிட்டாங்க. ஒங்க ரிப்போர்ட்டாலதான சார்..."

அவர் அதை வேண்டுமென்று சொன்னாரா, அவசரத்தில் வந்துவிட்டதா தெரியாது. என் சட்டைப்பையில் சாவி இருந்தது. சின்னக் கதவைத் திறந்தேன். அந்த நாற்சந்தியில் அத்தனை ஆண்டுகளில் அதை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. திருகைத் திருப்பி, குறுக்குச் சாலையை நிறுத்தி, பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பச்சை விழுந்தது. பூவண்டி நகர்ந்தது.

பொத்தானை விட்டால் பச்சை போய்விடும். அதனால் கையை எடுக்காமல், திறந்த கதவுக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. கதவின் உள்பக்கம் முழுக்க எழுத்து. மார்க்கர் பேனாவால், பொடிப் பொடியாக, மேலிருந்து கீழ்வரை.

"11.10 சாவு. 3.40 சாவு. 108 வண்டி. ஸ்கூல் புள்ளைங்க, மழை. சாவு, நடக்குறவங்க ஜாஸ்தி. மந்திரி இல்ல, சாவுதான். சாவு, கொள்ளிச்சட்டி சின்னப் பையன்."

நான் இங்கே கொஞ்சத்தைத்தான் எடுத்து எழுதியிருக்கிறேன்; ஒவ்வொரு வரியிலும் தேதியும் நேரமும் இருந்தன, எத்தனை நிமிடம் என்று இருந்தது. என் அட்டவணையில் இருந்த நேரங்கள்தான் அவை. கணினி பதிந்ததையெல்லாம் அவரும் பதிந்திருந்தார். கூடவே காரணத்தையும். அடியில், வேறு மையில்: "இன்னையோட நான் இல்ல. அடுத்து வர்றவங்க பாத்து எழுதுங்க."

காரணம் எங்கும் பதிவு செய்யப்படவில்லை என்று நான் எழுதியபோது, அது என் கணினியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. மெமோ வந்த மறுநாள் அவர் என் பக்கத்தில் வந்து நின்றாரே, அப்போதும் அந்தக் கதவு எங்கள் இருவருக்கும் நடுவில் மூடித்தான் இருந்தது. திறந்து காட்டி இதோ பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் பார்த்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம். பார்த்துவிட்டும் எழுதினேன் என்று.

நாலு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று எல்லாரும் தாண்டுவதற்கு. கட்டைவிரல் மரத்துப்போனது. அந்தப் பக்கம் வண்டி வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் பரிமளா முன்னால் திரும்பி நடந்தார்.

திருகைப் பழையபடி திருப்பிவிட்டு, எதிரே இருந்த நோட்டுப் புத்தகக் கடையில் மார்க்கர் பேனா வாங்கி வந்து அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். "2.35 சாவு. அஞ்சலாட்சி அம்மா." படம் எடுத்துக்கொண்டு மூடினேன்.

மறுநாள் சென்னையிலிருந்து கேட்டார்கள். யார் திருப்பியது, ஏன் என்று. நான்தான் என்று எழுதி, கதவின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அன்று மெமோ கொடுத்த இடத்துக்கும் அதே படத்தோடு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்தது. அதற்கு மேல் ஏதும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இறந்துபோன ஒருவரின் பழைய கோப்பைத் தேடி எடுத்துத் திருத்த யாருக்கு நேரம் இருக்கிறது.

ஆகையால் அவர் கேட்ட அந்த வரியை, அவரை அறிந்த உங்கள் முன் இங்கே எழுதிவிடுகிறேன். சிறப்பு உதவி ஆய்வாளர் அஞ்சலாட்சி சிக்னலைத் தன் கையில் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் சாவு ஊர்வலங்களுக்காக, மற்றவை ஆம்புலன்சுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும். எந்தப் பேருந்துக்காகவும் அல்ல. அந்தச் சிக்னலை வைத்தவன் என்ற முறையில் எனக்கு இது அப்போதே தெரியும். ஒரே வரிதான் கேட்டார். அரைத் தாள்கூட ஆகவில்லை.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். சிதம்பரத்தில் எந்தப் பெட்டிக்குப் போனாலும் இப்போது முதலில் சின்னக் கதவைத் திறந்து உள்பக்கத்தைப் பார்க்கிறேன். எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, பெயிண்ட்கூட உரியவில்லை. அந்த ஊரிலும் சாவு போகிறது, பிள்ளைகள் மழையில் நிற்கிறார்கள். ஆனால் எந்தக் காவலரும் திருகைத் தொடுவதில்லை, எதையும் எழுதுவதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை அவர்களுக்குத் தெரியவைத்தவன் நான்.